ஹைட்ரஜன் மின்முனை: நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் அழுத்தமா, ஃபியூகாசிட்டியா?

முதுநிலை_கோவை கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கலத்தின் மின்னழுத்தத்தை அதிலுள்ள பொருள்களின் அளவோடு இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வாயுவுக்கு எந்த எண்ணைப் போடுவது என்பதில் இரண்டு இடங்களில் கணக்கு இடிக்கிறது.

முதலாவது ஆய்வகத்தில். 0.1 மோலால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன் மின்முனை, இன்னொரு பக்கம் வெள்ளி–வெள்ளி குளோரைடு. நடுவில் உப்புப்பாலம் இல்லை. 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஹைட்ரஜனைக் குமிழ்விட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 351.3 மில்லிவோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. அட்டவணையில் இருப்பது 352.4. வெள்ளி மின்முனையை மாற்றிவிட்டேன், அமிலத்தைப் புதிதாகத் தயாரித்து டைட்ரேட் செய்தும் பார்த்துவிட்டேன். அதே எண்தான். வாயு 99.999 சதவீதத் தூய்மை. அழுத்தத்துக்கு 1 அட்மாஸ்பியர் போட்டேன். அன்றைக்கு வானிலைச் செயலியில் 1012 ஹெக்டோபாஸ்கல் காட்டியது, அதனால் அதில் தவறிருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது புராஜெக்ட்டில். புரோட்டான் சவ்வை வைத்து ஹைட்ரஜனை மின்வேதியியல் முறையில் அமுக்கும் கம்ப்ரசருக்கு ஒரு மாதிரி எழுதுகிறேன். 1 பாரிலிருந்து 700 பாருக்குக் கொண்டுபோக, 25 டிகிரியில் என் கணக்குப்படி 84.2 மில்லிவோல்ட் போதும். வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துவிட்டு, “90-க்குப் பக்கத்தில் வரவேண்டும், ஃபியூகாசிட்டியை விட்டுவிட்டாய்” என்றார்.

அப்படியென்றால் ஆய்வகத்தில் குறையும் அந்த 1.1 மில்லிவோல்ட்டுக்கும் ஃபியூகாசிட்டிதான் காரணமா? இரண்டுக்கும் ஒரே திருத்தமா?

உப்புப்பாலம் எழுதியது:

தம்பி, உங்கள் இரண்டு வித்தியாசங்களும் வேறு வேறு இடத்திலிருந்து வருபவை. இரண்டாவதற்குக் காரணம் ஃபியூகாசிட்டிதான். முதலாவதில் அதன் பங்கு ஒரு மில்லிவோல்ட்டில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. நான் பல வருஷம் பிஎச் தாங்கல் கரைசல்களுக்கு மதிப்பு நிர்ணயிக்கும் வேலையில் இருந்தவள். நீங்கள் வைத்திருக்கும் இதே கலம்தான் எங்களுக்கும் அடிப்படை. ஹார்னட் கலம் என்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படையை முதலில் பார்ப்போம். கலம் அழுத்தமானியைப் படிப்பதில்லை. அது உணர்வது வாயுவின் கெமிக்கல் பொடென்ஷியலை, அதாவது ஒரு மோலுக்கான கட்டற்ற ஆற்றலை. நல்லியல்பு வாயுவுக்கு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத, இடம் அடைக்காத கற்பனை வாயு) அது அழுத்தத்தின் மடக்கையோடு நேராக ஏறும். நிஜ வாயுவுக்கு அப்படி ஏறாது. அந்த மடக்கை வடிவத்தைக் கைவிடாமல், அழுத்தம் இருந்த இடத்தில் வேறொரு அளவை வைத்தார் கில்பர்ட் லூயிஸ், 1901-இல். அதுதான் ஃபியூகாசிட்டி. அழுத்தம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் எப்போதும் இருப்பது ஃபியூகாசிட்டிதான். அழுத்தத்தைப் போடுவது தோராயம். அந்தத் தோராயம் எந்த இடத்தில் எத்தனை மில்லிவோல்ட் பிசகும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

25 டிகிரியில் ஆர்டி/2எஃப் (வாயு மாறிலி × வெப்பநிலை, வகுத்தல் இரண்டு ஃபாரடே) என்பது 12.85 மில்லிவோல்ட். ஃபியூகாசிட்டியை அழுத்தத்தால் வகுத்தால் வரும் குணகத்தின் இயல் மடக்கையை இதனால் பெருக்கினால், தோராயத்தின் பிழை வந்துவிடும். நல்லியல்பிலிருந்து வாயு எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் இரண்டாம் விரியல் கெழு, ஹைட்ரஜனுக்கு இந்த வெப்பநிலையில் மோலுக்கு 14–15 கன சென்டிமீட்டர். 1 பாரில் குணகம் 1.0006. பிழை 0.0075 மில்லிவோல்ட், அதாவது ஏழரை மைக்ரோவோல்ட். உங்கள் மீட்டரின் கடைசி இலக்கத்தில்கூட இது தெரியாது.

பிறகு அந்த 1.1 எங்கிருந்து வந்தது? உங்கள் பெயரில் இருக்கும் ஊரிலிருந்துதான். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானிலைச் செயலி காட்டிய 1012 என்பது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண். ஊருக்கு ஊர் ஒப்பிட்டு வரைபடம் போட வானிலைத் துறைக்கு அதுதான் வேண்டும். ஆனால் உங்கள் குடுவையின் மேல் நிற்கும் காற்றுக்கு அந்த எண் பொருந்தாது. கோவையில் உண்மையான அழுத்தம் ஏறத்தாழ 965 ஹெக்டோபாஸ்கல், அதாவது 96.5 கிலோபாஸ்கல் இருக்கும். இதை 101.325-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.63 மில்லிவோல்ட் குறைவு. முதல் பெரும்பங்கு இது.

அடுத்தது நீராவி. குமிழுக்குள் இருப்பது வெறும் ஹைட்ரஜன் மட்டும் இல்லை. 25 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல். மொத்தம் 96.5-இல் அதைக் கழித்தால் ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 93.3. இதனால் இன்னொரு 0.43 மில்லிவோல்ட் குறைகிறது. இரண்டையும் கூட்டினால் 1.06. அட்டவணையில் உள்ள 352.4 என்பது ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தை 1 அட்மாஸ்பியருக்குத் திருத்திய மதிப்பு. 352.4-இல் 1.06 போனால் 351.34. நீங்கள் படித்தது 351.3. மின்முனைகளை மிக நன்றாகத் தயாரித்திருக்கிறீர்கள். அடுத்த முறை, இயற்பியல் துறையில் ஃபோர்டின் பாரமானி இருந்தால் அதைப் படித்துப் போடுங்கள்.

இன்னும் இரண்டு சின்னச் சங்கதிகள். குமிழ் வெளிவரும் முனை கரைசலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த அளவு வாயுவின் அழுத்தம் கூடும். 4 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 0.4 கிலோபாஸ்கல், அதாவது 0.05 மில்லிவோல்ட். நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் குமிழ் மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது. அந்தச் சின்னத் திருத்தம்கூட ஃபியூகாசிட்டித் திருத்தத்தைவிடப் பெரியது, பாருங்கள். அப்புறம், திட்ட அழுத்தத்தை 1982-இல் ஐயுபிஏசி (வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பு) 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றியது. அதனால் ஹைட்ரஜன் மின்முனையின் அடிப்படைப் புள்ளி 0.17 மில்லிவோல்ட் நகர்ந்தது. பழைய அட்டவணையையும் புதியதையும் கலந்து போட்டால் அந்த 0.17 ஓசையில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி உங்கள் 700 பார். இங்கே கதையே வேறு. ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு அறை வெப்பநிலையில் ஈர்ப்பு மிகக் குறைவு, அவற்றின் சொந்தப் பருமன்தான் ஆட்சி செய்கிறது. அதனால் அமுக்கத்திறன் காரணி (உண்மைப் பருமனை நல்லியல்புப் பருமனால் வகுத்தது) அழுத்தத்தோடு கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறும்: 1-உடன் பிபி/ஆர்டி சேர்த்தால் போதும். அதில் பெரிய பி அழுத்தம், சின்ன பி மூலக்கூறுகளின் பருமனுக்கான மாறிலி; சின்ன பி-க்கு மோலுக்கு 15.84 கன சென்டிமீட்டர் போடுங்கள். 700 பாரில் காரணி 1.45 வரும். ஃபியூகாசிட்டி குணகத்தின் மடக்கை அதே பிபி/ஆர்டி, அதாவது 0.447. குணகம் 1.56. அழுத்தமானி 700 காட்டும்போது ஃபியூகாசிட்டி 1095 பார்! 0.447-ஐ 12.85-ஆல் பெருக்கினால் 5.75 மில்லிவோல்ட். உங்கள் 84.2-உடன் சேர்த்தால் 89.9. பேராசிரியர் சொன்னது இதைத்தான்.

6 மில்லிவோல்ட் சின்னதாகத் தெரியலாம். கிலோவுக்கு ஆகும் ஆற்றலாக மாற்றிப் பாருங்கள். நல்லியல்பு என்று போட்டால், கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்சம் 2.24 கிலோவாட் மணி. சரியாகப் போட்டால் 2.39. வண்டித் தொட்டிக்கு 700 பாரில் நிரப்புகிற இடத்தில், “குறைந்தபட்ச வேலை” என்று நீங்கள் எழுதும் எண்ணே 6 சதவீதத்துக்கு மேல் குறைவாகப் போய்விடும். செயல்திறனைக் கணக்கிடும்போது அந்தக் குறை அப்படியே மேலே வரும்.

காஸ்டிக்_ஷிஃப்ட் எழுதியது:

நல்ல விளக்கம் மேடம். குளோரின் பக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே திருத்தத்தின் குறியே திரும்பிவிடும். குளோரின் மூலக்கூறுகளுக்கு ஈர்ப்பு அதிகம். அதன் விரியல் கெழு எதிர்க்குறி, அளவும் ஹைட்ரஜனைப் போல இருபது மடங்கு. 1 பாரிலேயே குணகம் 0.99-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். மின்முனையில் சுமார் 0.15 மில்லிவோல்ட் வித்தியாசம். உப்புக் கரைசலிலிருந்து குளோரின் எடுக்கும், 3 வோல்ட்டில் ஓடும் சவ்வுக் கலத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் குளோரின் மின்முனையின் 1.358 வோல்ட்டை நான்காவது இலக்கம் வரைக்கும் அளப்பவர்கள் இதை விட்டுவிட முடியாது.

முலாம்பட்டறை எழுதியது:

தம்பியின் கேள்வி எனக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்தியது. நான் துத்தநாக முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு இந்தச் சமன்பாடு தலைகீழாக உதவுகிறது: மின்னழுத்தம் தெரியும், ஃபியூகாசிட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முலாம் தொட்டியில் இரும்பு எதிர்மின்முனை. அதன் மேல் துத்தநாகத்தோடு ஹைட்ரஜனும் உருவாகிறது. சமநிலையிலிருந்து ஒவ்வொரு 59 மில்லிவோல்ட் கீழே போகும்போதும் ஹைட்ரஜனின் ஃபியூகாசிட்டி 100 மடங்கு ஏறும். 118 மில்லிவோல்ட் என்றால் 10,000 பார். தொட்டி திறந்துதான் இருக்கிறது, வெளியே சாதாரணக் காற்றழுத்தம்தான். ஆனால் உலோகத்தின் மேற்பரப்புக்கு அந்த 10,000 பார் ஃபியூகாசிட்டியில் நிற்கும் ஹைட்ரஜனும் இதுவும் ஒன்றுதான். அணு அணுவாக உள்ளே போகிறது. 12.9 தர போல்ட் மாதிரி கெட்டியான எஃகு என்றால், முறுக்கி வைத்த பிறகு ஒரு நாள் கழித்துக்கூடத் தலை தெறிக்கும். அதனால்தான் முலாம் போட்ட 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, 200 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வாட்டுகிறோம். எங்கள் பையன்கள் அதைத் தள்ளிப்போட நான் விடுவதே இல்லை.

என் கேள்வி: அந்த 10,000 பாரை அப்படியே அழுத்தம் என்று சொல்லலாமா?

உப்புப்பாலம் எழுதியது:

சொல்லக்கூடாது, ஐயா. மிக நல்ல கேள்வி. ஃபியூகாசிட்டிக்கும் அழுத்தத்துக்கும் இடைவெளி எவ்வளவு பெரியதாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மேலே சொன்ன அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால், 10,000 பார் ஃபியூகாசிட்டிக்கு நிகரான உண்மை அழுத்தம் ஏறத்தாழ 2300 பார்தான். இவ்வளவு உயரத்தில் அந்த எளிய சமன்பாடு கொஞ்சம் தள்ளாடும், அதனால் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுக்குள் ஒரு வெற்றிடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து சுவரைத் தள்ளும் விசையைக் கணக்கிடுகிறவர் 10,000 போட்டால் நாலு மடங்குக்கு மேல் பிசகிவிடும். எவ்வளவு ஹைட்ரஜன் கரையும் என்று கணக்கிடுகிறவர் 10,000-த்தைத்தான் போட வேண்டும், ஏனென்றால் கரைதிறன் ஃபியூகாசிட்டியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்.

இன்னொரு எச்சரிக்கை. மிகை மின்னழுத்தம், அதாவது சமநிலையிலிருந்து நீங்கள் கீழே போகும் அந்த மில்லிவோல்ட், முழுவதும் ஃபியூகாசிட்டியாக மாறுவதில்லை. மேற்பரப்பில் புரோட்டான் இறங்கி அணுவாகும் படி வேகமாக நடந்து, இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகும் படி மெதுவாக நடந்தால்தான் உங்கள் 59-க்கு 100 மடங்கு என்ற கணக்கு சரியாக வரும். மற்ற நேரங்களில் உண்மை அதற்குக் கீழேதான் இருக்கும். எவ்வளவு உள்ளே போகிறது என்பதை நேராகவே அளக்கலாம். மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கம் ஹைட்ரஜனை ஏற்றி, மறுபக்கம் வெளிவருவதை மின்னோட்டமாக எண்ணும் இரட்டைக் கலம் இருக்கிறது. தேவநாதனும் ஸ்டகுர்ஸ்கியும் 1962-இல் பல்லேடியத்தை வைத்து வெளியிட்டது. இன்றைக்கும் எஃகு ஆராய்ச்சியில் அவர்கள் பெயரால்தான் அதை அழைக்கிறோம்.

முதுநிலை_கோவை எழுதியது:

மேடம், மிக்க நன்றி. இயற்பியல் துறையில் பாரமானி இருந்தது, இன்று காலை 964 ஹெக்டோபாஸ்கல். நீங்கள் சொன்னபடி கணக்கு நேராகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். மின்முனை கரைசலுக்குள் இருக்கிறது. அங்கே இருப்பது கரைந்த ஹைட்ரஜன், லிட்டருக்கு 0.78 மில்லிமோல் அளவுக்குத்தான். அந்தச் செறிவைப் போடாமல் வாயுவின் ஃபியூகாசிட்டியை ஏன் போடுகிறோம்? இரண்டாவது, ஃபியூகாசிட்டியை இப்படிக் கணக்குப் போட்டே நம்புகிறோமா, யாராவது கலத்தை வைத்து அளந்திருக்கிறார்களா?

உப்புப்பாலம் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு: கரைந்த ஹைட்ரஜனும் குமிழுக்குள் இருக்கும் ஹைட்ரஜனும் சமநிலையில் இருந்தால், இரண்டுக்கும் கெமிக்கல் பொடென்ஷியல் ஒன்றே. ஃபியூகாசிட்டியும் ஒன்றே. செறிவு மட்டும்தான் வேறு. நீங்கள் செறிவைப் போட விரும்பினால் போடலாம், ஆனால் அதற்கேற்ற வேறு திட்ட மின்னழுத்தத்தை எடுக்க வேண்டும். விடை மாறாது. சமநிலை வந்ததா என்பதுதான் முக்கியம். நீங்கள் அரை மணி நேரம் குமிழ்விட்டுக் காத்திருந்தது அதற்குத்தான். மின்முனையின் மேல் படிந்திருக்கும் நுண்துகள் பிளாட்டினம் (பிளாட்டினம் கருப்பு) பழசாகி மந்தமாக இருந்தால் காத்திருந்தும் பயனில்லை.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்த கதை. அளந்திருக்கிறார்கள், நூறு வருஷத்துக்கு முன்பே. ஹெய்ன்ஸ்வொர்த்தும் மெக்கின்னஸும் 1922-இலும், ரௌலியையும் சேர்த்துக்கொண்டு 1924-இலும் வெளியிட்டார்கள். ஹைட்ரஜன்–கலோமல் (பாதரச(I) குளோரைடு) கலத்தை அப்படியே உயர் அழுத்தக் கலனுக்குள் வைத்து 1000 அட்மாஸ்பியர் வரை கொண்டுபோனார்கள். நல்லியல்பு வாயுவாக இருந்தால் 1000 அட்மாஸ்பியரில் மின்னியக்கு விசை 88.7 மில்லிவோல்ட்தான் ஏற வேண்டும். ஃபியூகாசிட்டிக் கணக்கு இன்னும் சுமார் 8 மில்லிவோல்ட் கேட்கிறது. எட்டு மில்லிவோல்ட்டை அன்றைய பொட்டன்ஷியோமீட்டரிலேயே தெளிவாகப் பார்க்கலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கலம் முழுவதையும் அழுத்தத்துக்குள் வைத்தால் வாயு மட்டும் அமுங்குவதில்லை. பாதரசம், கலோமல், அமிலம் எல்லாமே அமுங்கும், அவற்றின் கன அளவு மாற்றமும் மின்னியக்கு விசையில் சேரும். ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு ஒரு மோல் கலோமல் போகிறது, அது 66 கன சென்டிமீட்டர். இரண்டு மோல் பாதரசம் வருகிறது, 29.6. கரைசலில் இரண்டு மோல் அமிலம் வருகிறது, சுமார் 36. கூட்டிப் பாருங்கள், போனதும் வந்ததும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அதனால் இந்தக் கலத்தின் ஏற்றம் பெரும்பாலும் ஹைட்ரஜனின் ஃபியூகாசிட்டியை மட்டுமே சொல்கிறது. வேறு மின்முனையை வைத்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

உங்கள் கம்ப்ரசரில் அந்தச் சிக்கலே இல்லை. இரண்டு பக்கமும் ஹைட்ரஜன், நடுவில் புரோட்டான், வேறு எந்தப் பொருளும் உருவாவதும் இல்லை, அழிவதும் இல்லை. இரண்டு ஃபியூகாசிட்டிகளின் விகிதம் மட்டும்தான்.

ஆனால் மாதிரியை 25 டிகிரியிலேயே நிறுத்திவிடாதீர்கள். சவ்வு ஈரமாக இருக்க வேண்டும், கலம் சூடாக ஓடும். 60 டிகிரி என்று வையுங்கள். ஆர்டி/2எஃப் 14.35 மில்லிவோல்ட் ஆகும், நல்லியல்புப் பகுதி 94.0. ஃபியூகாசிட்டித் திருத்தமும் கூடும் என்று நினைப்பீர்கள். கூடாது. பிபி/ஆர்டி-யை ஆர்டி/2எஃப்-ஆல் பெருக்கும்போது ஆர்டி அடிபட்டுப் போகிறது. அதே 5.75 மில்லிவோல்ட்தான். கூடுவது நீராவிப் பங்கு. 60 டிகிரியில் ஆவி அழுத்தம் 19.9 கிலோபாஸ்கல். குறைந்த அழுத்தப் பக்கத்தில் மொத்தம் 1 பார் இருந்து வாயு முழுக்க ஈரப்பதமாக இருந்தால், ஹைட்ரஜன் 0.80 பார்தான். அதற்கு 3.2 மில்லிவோல்ட். 700 பார் பக்கத்தில் நீராவியின் பங்கு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, விட்டுவிடலாம். ஆக மொத்தம் 103 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. ஃபியூகாசிட்டியைச் சேர்த்துவிட்டு நீராவியை மறந்தால் வேலை பாதிதான் முடிந்தது.

அப்புறம் குறைந்த அழுத்தப் பக்கத்து மானியைப் பாருங்கள். அது காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். 1 பார் என்று முள் நின்றால் உள்ளே இருப்பது சுமார் 2 பார். 700 பக்கத்தில் இது தெரியாது. இந்தப் பக்கத்தில், 60 டிகிரியில், நீராவியைக் கணக்கில் எடுக்காமலேயே 10 மில்லிவோல்ட். மாதிரியில் தனி அழுத்தத்தை (காற்றழுத்தத்தையும் சேர்த்த மொத்தத்தை) கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.